சாப்பாட்டு மணிக்கு முன்

ஏழாயிரம்பண்ணை ஆழ்குழாய்த் தண்ணீரில் கையை நனைத்துச் சோப்பைத் தேய்த்தால் முதலில் வருவது நுரை இல்லை, பிசுக்கு. விரலிடுக்கில் வெள்ளையாகத் திரள்கிற அந்தப் பிசுக்கும் சோப்புதான். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பிலுள்ள கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக் கரையாத உப்பாக மாற்றிவிடுகின்றன. அவற்றின் பசி அடங்கிய பிறகு மிஞ்சுகிற சோப்புதான் அழுக்குப் பக்கம் திரும்பும்.

குடிநீருக்கான இந்தியத் தரம், ஐ.எஸ். 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத ஊரில் 600 வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது. அந்த 600-ல் நிற்கிற தண்ணீரை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அழுக்கென்று ஒரு துளி அதில் விழுமுன்பே, ஒரு லிட்டர் தண்ணீர் மூன்றரை கிராமுக்கு மேல் சோப்பைத் தின்றுவிடும். சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் நடுவே கிடக்கிற இந்த வானம் பார்த்த பூமியில் குடிக்க நல்ல தண்ணி, புழங்கச் சப்பைத் தண்ணி என்று வீட்டுக்கு வீடு இரண்டு குடம் உண்டு. கை கழுவுவது எப்போதும் இரண்டாவது குடத்தில்தான்.

ஆகவே சோப்பைப் பற்றி யோசிக்க உட்கார்ந்தால் முதலில் குழாயடிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. கடைக்கு அப்புறம் போகலாம்.

*

எங்கள் பட்டாசு ஆபீஸில் (ஆலையை இங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வோம்) கழிப்பறைகளிலும், சாப்பாட்டுக் கொட்டகைக்கு முன்னாலிருக்கிற தொட்டியிலும் சுவரில் சோப்பு டிஸ்பென்சர் மாட்டுவதென்று முடிவாகியிருக்கிறது. எந்தச் சோப்பு என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. ஸ்டோர் கணக்கில் இது ஒரு வவுச்சர் வேலை. ஐந்து லிட்டர் கேன் எத்தனை, என்ன விலை என்று எழுதினால் முடிந்தது. அப்படி முடிக்க எனக்கு மனசு வரவில்லை. மணி அடித்ததும் தொட்டியடியில் என்ன நடக்கிறது என்று தினமும் பார்க்கிறேன்.

குழாய்கள் நாலு. வரிசை நீளம். தொட்டி விளிம்பில் கிடக்கிற பார் சோப்பு கொஞ்ச நேரத்தில் கரைந்து கூழாகிவிடும், இல்லையென்றால் கீழே விழுந்து கரிசல் மண்ணைப் பூசிக்கொள்ளும். பீஸ் ரேட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒவ்வொரு நிமிஷமும் காசு. பாதிப் பேர் வெறும் தண்ணீரில் அலசி, முந்தானையில் துடைத்துக்கொண்டு தூக்குவாளியைத் திறந்துவிடுவார்கள். இதைச் சோம்பல் என்று சொல்கிறவர்கள் அந்த வரிசையில் ஒருநாள் நின்று பார்க்க வேண்டும்.

*

கைகளை உற்றுப் பார்த்தபடி இந்தக் குறிப்பை எழுதுகிறேன்.

வெடிமருந்துச் செட்டிலிருந்து வெளியே வருகிற கை வெள்ளிப் பூச்சுப் பூசியிருக்கும். உள்ளங்கை ரேகைகளில் வெள்ளி அழுத்தமாக ஓடும். நகக்கண்ணில் சாம்பல் நிறமாகத் தங்கும். முன்கையில் வேர்வை இறங்கிய தடம் மட்டும் தோல் நிறத்தில் தெரியும். "தண்ணி ஊத்துனா முத்து முத்தா உருண்டு ஓடிருது தம்பி, கையில ஒட்டவே மாட்டேங்கு" என்றார் அங்கே வேலை பார்க்கிற அக்கா ஒருவர். செய்தும் காட்டினார். தாமரை இலைத் தண்ணீரேதான். துளிகள் உள்ளங்கையில் ஓடி, விரல் வழியே கீழே விழுந்தன. கை நனையவே இல்லை.

காரணம் கையில் படிந்த அந்த வெள்ளி நிறப் பவுடரிலேயே இருக்கிறது. பட்டாசுக்கு வருகிற அலுமினியப் பவுடர் மெல்லிய தகடு தகடாக நுணுக்கப்பட்டது. அரைக்கும்போது துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமலிருக்க ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பார்கள். அது துகள் மேல் மெழுகாகப் படிந்து தண்ணீரை அண்டவிடாது. அதே ஸ்டியரிக் அமிலம் சோப்பு காய்ச்சுகிற கொழுப்பிலும் இருக்கிறது. அமிலமாக இருக்கும்வரை தண்ணீரை விரட்டுகிற பொருள், காரத்தோடு சேர்ந்து சோப்பானதும் ஒரு முனையால் தண்ணீரையும் மறு முனையால் எண்ணெயையும் பிடித்துக்கொள்கிறது. இதை நினைக்கிறபோதெல்லாம் எனக்கு வியப்புத்தான்.

கந்தகமும் தண்ணீரில் கரையாது. சோப்பு பிடித்து இழுத்தால்தான் வரும். வெடியுப்பு தண்ணீரிலேயே கரைந்து போய்விடும். பேரியம் நைட்ரேட்டும் தண்ணீரில் கரையும். ஆனால் கரைகிற பேரியம் வயிற்றுக்குள் போனால் நஞ்சு. பச்சை வெளிச்சத்துக்கும் கம்பி மத்தாப்புக்கும் பல ஆண்டுகள் புழங்கிய அந்த உப்பை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் பட்டாசில் சேர்க்கக் கூடாதென்று தடுத்தது. அதுவரை அதைத் தொட்ட கைகள் எந்தச் சோப்பில் கழுவப்பட்டன, கழுவப்பட்டனவா என்பதற்கு எந்த ரிஜிஸ்டரும் இல்லை.

தீப்பெட்டி ஆபீஸ் கைகள் வேறு மாதிரி. பிசின், குளோரேட், மெழுகு. குச்சி முனை மருந்தில் பொட்டாசியம் டைக்ரோமேட் கொஞ்சம் சேரும். குரோமியம் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது, ஒருமுறை ஒவ்வாமை பிடித்துவிட்டால் பிறகு துளி பட்டாலும் அரிப்பும் வெடிப்பும் திரும்பத் திரும்ப வரும்.

சாப்பாட்டில் ஸ்பூன் புழங்குகிற நாடுகளில் கை கழுவுவது பற்றி எழுதியிருப்பதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே இந்தக் கைதான் சோற்றைப் பிசையும். நகக்கண் குழம்பில் முங்கும்.

*

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, ஒவ்வொரு ஆலையிலும் கை கழுவப் போதுமான, பொருத்தமான வசதி வேண்டும் என்றது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக, மறைவாக, எளிதில் போய்ச் சேரும்படி, சுத்தமாக என்றும் சேர்த்துச் சொன்னது. நல்ல வாசகம். பொருத்தமான என்பதை ஒவ்வோர் ஆலையும் தன் அழுக்கை வைத்து அர்த்தப்படுத்திக்கொள்ள வேண்டும். நூல் மில்லுக்குப் பொருந்துகிற சோப்பு வெள்ளிப் பவுடருக்குப் பொருந்தாது.

*

முதல் கேள்வி பாரா, திரவமா.

பார் சோப்பைப் பலர் தொடுவதால் கிருமி பரவும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. 1988-ல் வெளியான ஓர் ஆய்வில் வேண்டுமென்றே கிருமி பூசிய சோப்புக் கட்டிகளைக் கொடுத்துக் கை கழுவச் சொன்னார்கள். கழுவிய கைகளில் அந்தக் கிருமிகள் தங்கவில்லை. அந்தக் குற்றச்சாட்டை நான் தள்ளிவிட்டேன். பார் சோப்பின் குறை வேறு. இந்தத் தண்ணீரில் அதுதான் முதலில் பிசுக்காகும். ஈரத்தில் கிடந்து கரையும். சாயங்காலத்துக்குள் காணாமலும் போகும். எடுத்துப் போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை, அது ஒரு வீட்டுக்குத்தான் போகிறது.

பார் வாங்குவதென்றால் உறையைப் படிக்க வேண்டும். டாய்லெட் சோப்பு என்று போட்டிருந்தால் அதில் முதல் தரத்துக்குக் கொழுப்புப் பொருள் குறைந்தது 76 சதவீதம், இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. உறையில் டி.எஃப்.எம். என்று இந்த எண் அச்சாகியிருக்கும். பேதிங் பார் என்று போட்டிருந்தால் 40 இருந்தாலே போதும். இரண்டும் ஒரே அலமாரியில், ஒரே மாதிரி உறையில் அடுக்கியிருக்கும்.

*

திரவச் சோப்பு என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி சோப்பே இல்லை. கொழுப்பைக் காரத்தில் காய்ச்சிச் செய்த திரவச் சோப்பு உண்டு. காஸ்டிக் சோடாவுக்குப் பதில் காஸ்டிக் பொட்டாஷ் போட்டால் கட்டியாகாமல் திரவமாக நிற்கும். ஆனால் அதுவும் சப்பைத் தண்ணீரில் பிசுக்குத்தான். கடையில் ஹேண்ட்வாஷ் என்று விற்பதில் பெரும்பாலும் சோடியம் லாரெத் சல்பேட் போன்ற சலவைப் பொருள்கள்தான் அடிப்படை. கால்சியம் அவற்றைச் சோப்பைப் போல அவ்வளவு எளிதில் முடக்கிவிடாது. நம் ஊர்த் தண்ணீருக்கு அந்த வகைதான் தோது.

இன்னொரு லாபமும் உண்டு. சோப்புக்கு இயல்பிலேயே காரத்தன்மை, பி.எச். 9, 10 என்று நிற்கும். மனிதத் தோல் 5-ஐ ஒட்டி இருக்க விரும்புகிறது. சலவைப் பொருளில் செய்த ஹேண்ட்வாஷைத் தோலுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு நாளில் பல தடவை கழுவ வேண்டிய கைக்கு இது பெரிய விஷயம். வெடித்த தோலில் வெடியுப்பு பட்டால் எப்படி எரியும் என்று கேட்டுப் பாருங்கள். எரிச்சலுக்குப் பயந்து அடுத்த நாள் சோப்புப் பக்கமே போகமாட்டார்கள். கையைக் காயவைக்கிற சோப்பு, கடைசியில் கை கழுவுகிற பழக்கத்தையே கெடுத்துவிடும்.

கெட்டியாக இருந்தால் சக்தி அதிகம் என்று எல்லோரும் நம்புகிறோம். அந்தக் கெட்டித்தன்மையைப் பெரும்பாலும் சாப்பாட்டு உப்புதான் கொடுக்கிறது. லாரெத் சல்பேட் கரைசலில் உப்பு போடப் போடக் கெட்டிப்படும். ஓர் அளவைத் தாண்டினால் மறுபடி நீர்த்துவிடும். ஆகவே கேனைச் சாய்த்துப் பார்த்து வாங்குவதில் அர்த்தமில்லை.

மொபெட்டில் கேன்களைக் கட்டிக்கொண்டு பினாயில், ஆசிட், சோப் ஆயில் விற்க வருகிறவர்களிடமும் விலை கேட்டேன். சோப் ஆயில் தரைக்கும் பாத்திரத்துக்கும் நன்றாக வேலை செய்யும். அதை வாங்கி டிஸ்பென்சரில் ஊற்றிவிடுகிற இடங்கள் எத்தனையோ உண்டு. பஸ் ஸ்டாண்டு ஹோட்டல்களில் கை கழுவியதும் விரல் நுனி இழுத்துப் பிடிக்கிறதே, அந்த உணர்வு பல இடங்களில் இதனால்தான். ஆசிட் சிலரியைக் காஸ்டிக் சோடாவில் நடுநிலைப்படுத்தித் திரவச் சோப்பு செய்யும் மகளிர் குழுக்கள் நம் பக்கம் நிறைய. அவர்களிடம் வாங்க எனக்கு ஆசை. வாங்குமுன் பி.எச். தாளை ஒரு தடவை நனைத்துப் பார்த்தால் போதும். நடுநிலைக்குப் பக்கத்தில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அமிலமோ காரமோ மிஞ்சியிருந்தால் அந்தத் தவணையைத் தரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

*

வாசனை பற்றி.

எலுமிச்சை, ரோஜா, லாவெண்டர் என்று மாதிரிகள் வந்தன. எல்லாவற்றையும் கழுவிப் பார்த்துவிட்டுச் சோற்றில் கை வைத்துப் பார்த்தேன். லாவெண்டர் கத்தரிக்காய்க் குழம்போடு சேரவே சேராது. கடைசி வாய் வரைக்கும் கூடவே வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் புழங்குகிற சோப்புக்கு வாசனை இல்லாமலிருப்பதே நல்லது, இருந்தால் துடைத்ததும் போய்விட வேண்டும். நிறமும் வேண்டாம். நிறமற்ற, தெளிந்த திரவத்தில் தண்ணீர் கலந்தாலும் குப்பை விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியும். முத்துப் பூச்சு மாதிரி மினுங்குகிற வகை எல்லாவற்றையும் மறைத்துக்கொள்ளும்.

*

நுரையாகவே வெளிவருகிற ஃபோம் சோப்பை விற்பனையாளர் மிகவும் பரிந்துரைத்தார். அதில் விஷயம் இருக்கிறது. திரவம் தண்ணீராக இருக்கும், பம்பு காற்றைக் கலந்து நுரையாக்கித் தரும். நுரை வருவதற்கு நம் தண்ணீரின் தயவு வேண்டியதில்லை. ஓர் அமுக்கலுக்குச் செலவாகும் சோப்பு குறைவு, அலசவும் தண்ணீர் குறைவு. குழாயடியில் கூட்டம் நிற்கிற இடத்துக்கு இதெல்லாம் பெரிய வசதி.

ஆனால் அதே காரணத்தால் அதில் சோப்பின் வீரியமும் கொஞ்சம்தான். கழிப்பறைக்குப் போய் வந்த கைக்கு ஃபோம் போதும். மெழுகு பூசிய அலுமினியத்தை எடுக்க அது திணறுகிறது, இரண்டு மூன்று தடவை அமுக்க வேண்டியிருக்கிறது. அப்புறம் மிச்சமென்ன இருக்கிறது? இன்னொன்று, ஃபோம் பம்பில் சாதாரண ஹேண்ட்வாஷை ஊற்றினால் சல்லடை அடைத்துப் பம்பு கெட்டுவிடும். ஃபோம் சோப்பைச் சாதாரண பம்பில் ஊற்றினால் தண்ணீராக ஒழுகும். ஆபீஸ் ரூம் கழிப்பறைக்கு ஒரு வகை, தொட்டியடிக்கு ஒரு வகை என்று வைத்தால் ஒரு மாசத்தில் இரண்டும் மாறிப்போய்விடும். மாறாமல் பார்த்துக்கொள்ள இங்கே தனி ஆள் கிடையாது.

மெக்கானிக் பட்டறைகளில் கிரீஸ் எடுக்க, பொடித்த கல் சேர்த்த சொரசொரப்பான கைப்பசை ஒன்று வைத்திருப்பார்கள். வெள்ளிப் பவுடரை அது ஒரே தேய்ப்பில் எடுத்துவிடும். எங்கள் வாசலுக்குள் அதை விடக் கூடாது. மருந்து புழங்கும் இடத்தில் மணல் துகள் ஒன்று சேர்ந்தாலே உராய்வுக்கு வழி பிறந்துவிடும். நகத்தில் தங்கிய கல்பொடி யாரோடு எந்தச் செட்டுக்குள் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதற்குப் பதிலாக நைலான் நகத் தூரிகை. குழாய்க்கு ஒன்றாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம். அலுமினியம் கடைசியாகத் தங்குவது நகக்கண்ணில்தான், அதற்கு எந்த விலையுயர்ந்த சோப்பும் தூரிகையைப் போல வேலை செய்யாது.

கையை நீட்டினால் தானாகச் சொட்டும் சென்சார் டிஸ்பென்சரும் வெடிமருந்து புழங்கும் இடம் என்பதால் வேண்டாம். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிற இடத்தில் பேட்டரிப் பெட்டியைச் சுவரில் மாட்டுவது சரியில்லை.

*

கிருமிநாசினி சேர்த்தது நல்லதுதானே என்று கேட்டார்கள்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 செப்டம்பரில் டிரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருள்களைப் பொதுமக்கள் புழங்கும் சோப்பிலிருந்து விலக்கியது. சாதாரணச் சோப்பும் தண்ணீரும் செய்வதைவிட இவை அதிகம் செய்கின்றன என்பதற்குத் தயாரிப்பாளர்கள் ஆதாரம் காட்டவில்லை என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. நம் கைகளில் இருப்பதோ உலோகமும் கந்தகமும். அவற்றைக் கொல்வதற்கு ஒன்றுமில்லை, கையிலிருந்து அகற்றத்தான் வேண்டும்.

2020-ல் கொரோனா சமயம் எல்லா வாசலிலும் சானிடைசர் நின்றது. அதில் பெரும்பங்கு ஆல்கஹால், தீப்பற்றும். அந்தத் தீபாவளிக்குச் சானிடைசர் பூசிய கையோடு பட்டாசு கொளுத்தாதீர்கள் என்று ஊர் ஊராக எச்சரிக்கை செய்தார்கள். கொளுத்துகிறவர்களுக்கே அப்படியென்றால், பட்டாசைச் செய்கிற கைகளுக்கு எவ்வளவு சொல்லியிருக்க வேண்டும். சானிடைசர் உலோகப் பவுடரை எடுக்கவும் எடுக்காது, கையெல்லாம் பரப்பிவிடும். சோப்பும் தண்ணீரும் தவிர இங்கே வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

*

சோப்பு வருமுன் இந்தப் பக்கம் அழுக்கு எடுத்ததெல்லாம் பூந்திக்கொட்டை, சிகைக்காய், அரப்பு. துணிக்கு உவர்மண். பூந்திக்கொட்டையில் நுரை தருகிற சபோனினைக் கால்சியம் தொந்தரவு செய்வதில்லை. சப்பைத் தண்ணீரிலும் அது பொங்கும். நகை செய்யும் ஆசாரிகள் இன்றும் தங்கத்தையும் வெள்ளியையும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கழுவுகிறார்கள். உலோகத் துகள் ஒட்டிய கைக்கு இதைவிடத் தோதானது எது என்று எனக்குள் ஒரு நப்பாசை. ஊறவைத்த தண்ணீர் இரண்டொரு நாளில் புளித்து நாறிவிடும் என்பதுதான் தடை. சுவரில் மாட்டுகிற புட்டிக்கு அது ஆகாது. வீட்டில், அன்றன்றைக்கு ஊறவைத்துப் புழங்கலாம். யாராவது வேதியியல் படித்த பிள்ளை இதைக் கெடாமல் நிறுத்தும் வழியைக் கண்டுபிடித்தால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

*

2021 பிப்ரவரி 12 அன்று ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் அச்சங்குளத்தில் வெடிவிபத்து நடந்தது. பல உயிர்கள் போயின. இந்த ஊர்ப் பெயர் வெளியே கேட்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட நாள்களில்தான். அன்றைக்குக் கேமராக்கள் வரும், தலைவர்கள் வருவார்கள், நிவாரணம் அறிவிப்பார்கள். மற்ற நாள்களில் கைவழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகிறதைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சத்தமில்லாததால் அதற்கு எஃப்.ஐ.ஆர். கிடையாது. சோப்பு அந்தப் பெரிய ஆபத்தைத் தடுக்காது. ஆனால் இந்தச் சின்ன ஆபத்தைத் தடுக்க அதுவே முக்கால்வாசி போதும். அதை ஏன் இவ்வளவு நாள் அலட்சியமாக விட்டோம் என்பது என்னை உறுத்துகிறது.

வேலை முடிந்து வேனிலிருந்து இறங்குகிற அம்மாவைப் பார்த்து ஓடிவருகிற பிள்ளையை, "இரு இரு, கை கழுவிட்டு வாரேன்" என்று ஒரு கையால் தள்ளி நிறுத்துவதைத் தெருவில் தினமும் பார்க்கலாம். பிள்ளைக்குக் கோபம் வரும். அந்தத் தாய்க்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆபீஸிலேயே ஒழுங்காகக் கழுவிவிட்டு வண்டி ஏற முடிந்தால் அந்தப் பிள்ளையைத் தள்ளி நிறுத்த வேண்டியதில்லை. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டுமல்லாமல் சாயங்காலம் வேன் கிளம்புமுன் கழுவவும் சோப்பும் நேரமும் சேர்த்துக் கணக்கிட்டிருக்கிறேன். அலசிய தண்ணீர் ஆடு மாடு குடிக்கிற பள்ளத்துக்குப் போகாமல் தனிக் குழிக்குப் போக ஒரு குழாயும் கேட்டிருக்கிறேன்.

*

நான் எழுதிக் கொடுத்தது இது. சலவைப் பொருளில் செய்த, நிறமும் கனத்த வாசனையும் இல்லாத, தோலுக்கேற்ற பி.எச். உள்ள சாதாரண ஹேண்ட்வாஷ். கையால் அமுக்குகிற, பூட்டுப் போட்ட டிஸ்பென்சர். முதலாளி ரூமுக்கும் தொட்டியடிக்கும் ஒரே கேன். விருந்தாளிகள் வருகிற கழிப்பறைக்காவது ஃபோம் வைக்கலாமே என்று ஒரு பேச்சு வந்தது. ஒரே வகை என்றால்தான் பம்பு மாறாது, பில்லும் ஒன்றாகப் போகும் என்று சொன்னேன், ஒத்துக்கொண்டார்கள். தீப்பெட்டி ஒட்டுகிற சின்ன இடங்களில் சுவரில் மாட்ட வசதியில்லை. அங்கே டாய்லெட் சோப்புக் கட்டியை நைலான் வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டச் சொல்லியிருக்கிறேன். மண்ணில் விழாது, தண்ணீர் வடிந்து காயும், வலை தேய்த்துக் கொடுக்கவும் செய்யும்.

எழுதாமல் விட்டது ஒன்று இருந்தது, அதுதான் எல்லாவற்றையும்விடத் தொந்தரவு செய்தது. டிஸ்பென்சரில் பாதி தீர்ந்ததும் மேலாக ஊற்றி நிரப்புவதுதான் எல்லா ஊரிலும் வழக்கம். கேன் சீக்கிரம் தீரக் கூடாதென்று தண்ணீரும் சேர்ப்பார்கள். தண்ணீர் சேர்ந்தால் கெடாமலிருக்கப் போட்டிருக்கிற மருந்தும் நீர்த்துவிடும். அடியில் தங்கிய பழைய சோப்பில் கிருமி குடியேறும், புதிதாக ஊற்றுவதையும் அது பற்றிக்கொள்ளும். அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஒன்றில் செய்த ஆய்வு 2011-ல் வெளியானது. இப்படி மேலாக ஊற்றி நிரப்பிய டிஸ்பென்சர்களின் சோப்பில் கழுவிய பிறகு, கையில் ஒரு வகைக் கிருமிகள் 26 மடங்கு கூடியிருந்தன. மூடிய பையிலேயே வரும் சோப்பில் அந்தக் குறை இல்லை. ஆனால் அந்தப் பைகள் விலை அதிகம், இந்தப் பக்கம் நினைத்தபோது கிடைக்கவும் கிடைக்காது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2002-லேயே மருத்துவமனைகளுக்குச் சொன்ன விதி எளிது: பாதி தீர்ந்த டிஸ்பென்சரில் ஊற்றாதே. அப்படியென்றால் முழுக்கத் தீரவிட்டு, கழுவி, காயவைத்து, பிறகுதான் நிரப்ப வேண்டும்.

எளிதான விதிதான், யார் செய்வது? கழிப்பறை கழுவுகிற அக்காவிடம் போய்ச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "கழுவிரலாம் தம்பி. ஆனா காயணும்னா ஒரு ராத்திரி ஆகும். காலையில எட்டு மணிக்கு ஆளுக வந்துருவாக. அதுவரைக்கும் சொவருல என்ன மாட்ட?" என்றார். பிறகு அவரே, "இன்னொரு செட்டுப் புட்டி மட்டும் வாங்கிக் குடுங்க. ஒண்ணு காயட்டும், ஒண்ணு மாட்டிக் கெடக்கட்டும். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை மாத்திருதேன்" என்றார்.

எந்த விற்பனையாளரும் எனக்கு இதைச் சொல்லவில்லை. உள்புட்டிகளை இரண்டு செட்டாக வாங்கவும், சனிக்கிழமை அந்த வேலைக்காக அவருக்கு அரை மணி நேரக் கூலி சேர்க்கவும் இன்றைக்கு ஒரு வவுச்சர் போட்டிருக்கிறேன். கூலிப் பகுதிக்கு இன்னும் கையெழுத்து ஆகவில்லை, திங்கட்கிழமை மறுபடி கேட்க வேண்டும்.